பை கிளம்பிவிட்டது

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கண்டக்டர் வந்து மணியடித்தார்.

பஸ் கண்டக்டர்தான். வார விடுமுறையில், நோயுற்ற பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போய்ச் சில மணி நேரம் பார்த்துக்கொள்வார். பெற்றோர் வெளியே போய் மூச்சு விட்டு வரலாம். ஒரு சங்கம் பயிற்சி கொடுத்து அனுப்புகிறது. சம்பளம் கிடையாது.

இந்த வீட்டம்மா ஏற்கெனவே இரண்டு பேரை வாசலோடு திருப்பி அனுப்பியவள். ஒருத்தி தும்மினாள். இன்னொருவர் தும்மப்போவது போல் இருந்தார். இவரும் திரும்பினால் சங்கம் வேறு ஆள் அனுப்பாது என்று கணவர் சொல்லியிருந்தார். இருவரும் சேர்ந்து வெளியே போய் வருஷக்கணக்காகிறது.

மகளுக்கு ஒன்பது வயது. தசைகளில் வலுவில்லை. விழுங்க முடியாது, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் சத்துப் பால். பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. வீட்டில் மேனேஜர் என்று பெயர்.

அம்மா எல்லாவற்றையும் விளக்கினாள். பிறகு முதலிலிருந்து விளக்கினாள். மேனேஜர் அதட்டிய பிறகுதான் செருப்பு மாட்டி, கணவரோடு லிஃப்டில் ஏறினாள்.

பால் கொடுக்கும் நேரம் வந்தது. கண்டக்டர் குழாயில் பாலைச் செலுத்தும் பம்ப்பைத் தேடினார். காணோம். மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. வீட்டை விட்டுக் கிளம்பினால் மருத்துவப் பையைத் தோளில் மாட்டுவது அப்பாவின் பழக்கம். இன்று மகளை விட்டுவிட்டுப் பையைக் கூட்டிப் போயிருக்கிறார்.

கண்டக்டர் போனை எடுத்தார்.

"வேணாம் அங்கிள். அம்மா ஓடி வந்துருவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் வெளிய போகமாட்டாங்க."

ஊசியில்லாத பெரிய சிரிஞ்சைக் குழாயில் செருகி, உயர்த்திப் பிடித்து ஊற்றவும் அவருக்குப் பயிற்சி உண்டு. அலமாரியில் ஒன்று இருந்தது. ஓடும் பஸ்ஸில் நின்று பழகியவர், கை ஆடவில்லை.

"இது பாயின்ட் டு பாயின்ட் மேனேஜரம்மா. நேரா வயிறுதான். தொண்டையில நிக்காது."

மேனேஜர் சிரித்ததில் பால் சிரிஞ்சில் மேலே ஏறியது. வண்டி பின்னால் வருகிறது, சிரிக்கக் கூடாது என்றார். அதற்கும் சிரித்தாள். எப்படியோ போய்ச் சேர்ந்தது.

அப்போது போன் அடித்தது. அம்மா. பைக்குள் ஏதோ அலறியதாம். திறந்தால் பம்ப்பாம். கடைத்தெருவில் ரொம்ப தூரம் வந்துவிட்டார்களாம், இருந்தாலும் பறந்து வந்துவிடுவார்களாம்.

மேனேஜர் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். சாப்பிட்டாயிற்று, நிதானமாக வாருங்கள் என்றாள். மறுமுனையில் அம்மா வாய் திறப்பதற்குள் ஒரு பெண் குரல், கதவைச் சரியாக மூடும்படி மூன்று முறை கேட்டுக்கொண்டது.

"அம்மா, கடைத்தெருவுல எதுக்கு நம்ம லிஃப்ட் பேசுது?"