ஊறவைத்த இசைத்தட்டுகள்

வெந்நீரில் ஊறவைத்தால் எதுவும் உரிந்துவரும் என்று சலவைக்கடைக்காரிக்கு இளவயதிலேயே தெரியும். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது. மரச்சாமான் கிடங்கின் அடித்தளத்தில், சனிக்கிழமைதோறும் ஊருக்குத் தெரியாமல் ஆட்டம்பாட்டம் நடந்த காலத்தில், இசைத்தட்டு சுழற்றியவள் அவள். அங்கே அவளுக்கு ‘இடி’ என்று பெயர். வேறிடத்தில் ஆட்டம் நடத்திய எதிர்க்கோஷ்டி எட்டிப்பார்த்து, அடுத்த வாரமே அதே தட்டை வாங்கிவிடக் கூடாதே என்று, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒட்டியிருந்த பெயர் லேபிளை ஊறவைத்து உரித்துவிடுவாள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

நகர நூலகம் அவள் இசைத்தட்டுப் பெட்டியை வாங்கிப் பாதுகாக்கச் சம்மதித்திருந்தது. “பேர் இல்லாம எந்த அலமாரில வைக்கிறது மேடம்? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க” என்றுவிட்டார் நூலகர். கிடங்கை இடித்தாயிற்று. ஆடியவர்கள் யாரிடமும் ஒரு புகைப்படம்கூட இல்லை. இதுவும் போனால் அப்படியொரு கூட்டம் இருந்ததே பொய் என்றாகிவிடும். அவள் விடுவதாக இல்லை. மானத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, குருவிக்கு போன் போட்டாள்.

குருவிதான் எதிர்க்கோஷ்டியின் தலை. இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறான். அவள் போட்ட பாட்டுகளின் பெயரைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் கடைகடையாக ஏறி இறங்கியவன். காக்கிச் சட்டையோடு அவள் கடையில் வந்து நின்றான்.

“சொல்றேன். ஆனா ஆட்டம் முடியறப்ப போடுற அந்தக் கடைசிப் பாட்டை முதல்ல போட்டது நாங்கதான்னு எழுதணும்.”

“செத்தாலும் எழுத மாட்டேன்.”

“அப்ப நான் கிளம்புறேன்.”

“கிளம்பு.”

இஸ்திரி மேசைமேல் இருந்த பிளேயரில் ஒரு தட்டை வைத்து முள்ளை இறக்கினாள். வாசல்வரை போனவன் நின்றான். அவன் வாய் சும்மா இருக்குமா? பெயரைச் சொன்னான். அடுத்ததையும் சொன்னான். துணியில் கட்டும் அடையாளச் சீட்டுகளில் அவள் எழுதி எழுதி உறைகளில் ஒட்டினாள். பள்ளி விடும் நேரம் நெருங்கியபோது ஒரே ஒரு தட்டுதான் மிச்சம், அந்தக் கடைசிப் பாட்டு.

“பேர் சொல்லு” என்றாள்.

“நீ சொல்லு. தெரிஞ்சிருந்தா நீ கூப்பிட்டதும் ஏன் ஓடி வர்றேன்? உங்க ஆட்டத்துல திருட்டுத்தனமா டேப்புல பதிஞ்சுதானே அதை எங்க இடத்துல...” நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் கைகொட்டிச் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அந்தத் தட்டு வந்த அவசரத்தில், பெயரைப் படிக்காமலே ஊறப்போட்டவள் அவள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“எனக்கும் தெரியாது, குருவி.”

அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். “அதனாலென்ன? பேர் சொல்லியா கேட்டாங்க ஜனங்க?”

செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையை ஓங்கி மிதித்தான். மூன்று முறை. கொஞ்சம் நிறுத்தி, இன்னும் ஒன்று. அடித்தளத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பாட்டைப் போடச் சொல்லி அப்படித்தான் மிதித்துக் கேட்பார்கள். அவள் வெற்றுச் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, போனில் ஒலிப்பதிவை அழுத்தித் தரையோரம் நீட்டினாள்.

“நூலகத்துக்கு இதையே பேரா குடுக்கிறேன். இன்னொரு தடவை மிதி.”

இந்தத் தடவை அவளும் சேர்ந்து மிதித்தாள். கம்பியில் தொங்கிய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ஒருசேரக் குலுங்கின.