அண்ணன் எங்க, அண்ணி?

அந்த வீட்டு மருமகள்கள் இருவருக்கும் விபத்துக்கு முன்னால் அவ்வளவாக ஒத்துப்போனதில்லை. பெரிய சண்டை என்று எதுவும் கிடையாது. மூத்தவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தால் இளையவள் நிமிர்த்தி வைப்பாள். இளையவள் ஜன்னலைத் திறந்தால் மூத்தவள் வந்து சாத்துவாள். அவர்களைக் கட்டிக்கொண்ட அண்ணனும் தம்பியுமோ ஒரே கடையில், ஒரே மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கண்ணாடி வேலை செய்கிறவர்கள். அண்ணன் வீடு வீடாகப் போய் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அளவு எடுத்து வருவார், தம்பி வெட்டுவான். வேலை நேரத்தில் பேச்சே இருக்காது. ஒருவர் கையை நீட்டினால் என்ன வேண்டும் என்று மற்றவருக்குத் தெரியும்.

"இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமே தேவைப்பட்டிருக்காது. நாமதான் நடுவுல வந்து மாட்டிக்கிட்டோம்" என்று மூத்தவள் ஒருமுறை சொன்னாள். இளையவள் அன்றைக்கு அவளோடு சேர்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், கண்ணாடி ஏற்றிப்போன வேன் பாலத்துக்குப் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் மோதியது. அண்ணன் அங்கேயே போய்விட்டார். ஓட்டிக்கொண்டிருந்த தம்பிக்குத் தலையில் அடி.

அவன் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோதே அண்ணனுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்துவிட்டார்கள். பிறகு கண் திறந்தான், எழுந்தான், நடந்தான். பார்க்கிறவர்களுக்கு அவனிடம் ஒரு குறையும் தெரியாது. மனைவியைத் தெரிந்தது, மகளைத் தெரிந்தது, பத்து வருஷத்துக்கு முன்னால் யார் வீட்டுக்கு என்ன கண்ணாடி போட்டோம் என்பதுகூடத் தெரிந்தது. ஆனால் காலையில் சொன்னது மதியம் இல்லை.

"பழசெல்லாம் பத்திரமா இருக்கும்மா" என்றார் டாக்டர். "புதுசா எதுவும் உள்ள போய் நிக்க மாட்டேங்குது. போகப் போகக் கொஞ்சம் தேறலாம். எவ்வளவுன்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியாது."

தெரியாது என்று அவர் சொன்னதற்காகவே இளையவளுக்கு அவர்மேல் மரியாதை வந்தது. மற்றவர்கள் எல்லாரும் எல்லாம் சரியாகிவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, தம்பி முகம் கழுவிவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றான். மூத்தவள் அடுப்படியில் இருந்தாள்.

"அண்ணன் எங்க, அண்ணி? என்னை விட்டுட்டுக் கடைக்குப் போயிட்டாரா?"

இளையவள் ஓடிவந்து அவனை அறைக்குள் அழைத்துப் போய் உண்மையைச் சொன்னாள். அவன் சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தான். அப்படி ஒரு அழுகையை அவள் பார்த்ததில்லை. மறுநாளும் அதே வாசல், அதே கேள்வி, அதே அழுகை. அவனுக்கு ஒவ்வொரு நாளும் அதுதான் முதல் நாள்.

சில நாள் பார்த்துவிட்டு, தாங்க மாட்டாமல் இளையவள் பொய் சொல்ல ஆரம்பித்தாள். அண்ணன் வெளியூர் போயிருக்கிறார், சரக்கு எடுக்கப் போயிருக்கிறார். சொந்தக்காரர்களும் அதுதான் நல்லது என்றார்கள். ஆனால் பொய் அவனை வேறு விதமாகப் படுத்தியது. "எங்கிட்ட சொல்லாம எங்க போவார்?" என்று கேட்டுக் கேட்டுக் கோபமாக வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தான். சத்தம் கேட்டாலே அவனுக்குத் தலை வெடிக்கும் என்பதால், வீட்டில் எல்லாரும் வாயாடி என்று கூப்பிடும் மகள்கூட அப்பா எதிரில் கிசுகிசுவென்றே பேசப் பழகியிருந்தாள். ஒரு நாள் அவன் அண்ணனுக்குப் போன் போட்டான். மூத்தவளின் அலமாரிக்குள்ளிருந்து மணி அடித்தது. அவள் அந்தப் போனை அணைக்காமல், தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தது அப்போதுதான் இளையவளுக்குத் தெரிந்தது.

மூத்தவள் அலமாரியைத் திறக்கவில்லை. மணி நிற்கும்வரை நின்றுவிட்டு, அவனிடம் வந்தாள்.

"தம்பி, இப்படி வந்து உட்காருங்க."

சமையலறையிலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டாள். டீயைக் கையில் கொடுத்தாள். அவன் இரண்டு வாய் குடிக்கும்வரை காத்திருந்தாள்.

"உங்க அண்ணன் இல்ல தம்பி. வேன்ல போகும்போது அடிபட்டு இறந்துட்டார். உங்களுக்கும் அடி. அதான் உங்களுக்கு ஞாபகம் நிக்கல. அதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல. நான் இங்கதான் இருக்கேன்."

அவன் அழுதான். அவள் கூடவே உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் அடங்கியதும், அண்ணனைப் பற்றி அவனுக்குத் தெரிந்த பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டாள். வாடிக்கையாளர் ஒருவர் குளியலறைக் கண்ணாடியைப் பின்பக்கம் முன்னால் வருமாறு மாட்டிவிட்டு, முகம் தெரியவில்லை என்று சண்டைக்கு வந்த கதை. அழுதுகொண்டிருந்தவன், "அவரு அப்ப என்ன சொன்னாரு தெரியுமா அண்ணி" என்று தானே மீதியைச் சொல்லி முடித்தான்.

அன்றிலிருந்து அது மூத்தவளின் வேலையாயிற்று. யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை. தினமும் முக்காலி, தினமும் டீ, தினமும் தன் புருஷன் செத்துப்போனதைத் தன் வாயாலேயே சொல்வது. ஆஸ்பத்திரியில் ஞாபகப் பயிற்சி கொடுத்த பெண், சுவரில் ஒரு பலகை மாட்டி அதில் எழுதி வையுங்கள், அவரே படித்துத் தெரிந்துகொள்வார் என்று யோசனை சொன்னாள். சாப்பாடு, மருந்து, மகள் பள்ளிவிட்டு வரும் நேரம் எல்லாவற்றையும் பலகையில் எழுதினார்கள். அண்ணன் இறந்ததை மட்டும் மூத்தவள் எழுத விடவில்லை. "கூடப் பொறந்தவர் போனதை அவர் சுவரைப் பார்த்தா தெரிஞ்சுக்கணும்? மனுஷங்க இருக்கோம்ல" என்றாள்.

சில நாள் அவன் இன்னொன்றும் கேட்பான். "யாரு அண்ணி ஓட்டினது?"

இளையவள் கைவேலையை விட்டுவிட்டு மூத்தவளைப் பார்ப்பாள். மூத்தவள் அடுப்பைப் பார்த்தபடியே, "நல்ல மழை தம்பி. ரோடு வழுக்கிடுச்சு" என்பாள். அதற்குமேல் ஒரு சொல் வராது. இதைவிட ஒரு மனுஷியால் என்ன செய்ய முடியும் என்று இளையவள் நினைத்துக்கொள்வாள். பாத்திரம் கவிழ்ந்திருந்தாலும் நிமிர்ந்திருந்தாலும் இப்போது அவள் கவனிப்பதில்லை.

கடையை மூடி வைத்தால் வீடு எப்படி நடக்கும்? இளையவள் கடையைத் திறந்தாள். தம்பியையும் அழைத்துப்போனாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் விடலாமா என்று எல்லாரும் பயந்தார்கள். அவன் மேஜைமுன் நின்று, கண்ணாடி அறுக்கும் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பாக இழுத்து, விளிம்பில் வைத்து ஒடித்தான். கோடு போட்டதுபோல் பிரிந்தது. கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எதை வெட்டுகிறோம், யாருக்கு என்பதைத்தான் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் களைத்துப்போவான். உள்ளே ஒரு பாய் போட்டிருந்தார்கள். படுத்து எழுந்து மறுபடி வெட்டுவான்.

மூத்தவளுக்கு ஒரு மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். ஒரு நாள் வந்து, அம்மாவைக் கையோடு அழைத்துப் போகிறேன் என்றாள்.

"சித்தி, தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் காலைல இவங்க இதைச் சொல்லணுமா? நீங்களே சொல்லுங்க. இவங்களும் மனுஷிதானே."

அந்தப் பெண் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. "கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க அக்கா" என்று இளையவளே பெட்டியில் துணி அடுக்கிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை தம்பி வாசலில் வந்து நின்று, "அண்ணன் எங்க? அண்ணியும் இல்ல?" என்றான்.

இளையவள் முக்காலியை இழுத்துப் போட்டாள், டீ கொடுத்தாள், மூத்தவள் சொல்கிற அதே சொற்களைச் சொன்னாள். ஆனால் கதை வரவில்லை. அவளுக்குத் தெரிந்த கதைகள் அவ்வளவாக இல்லை, தெரிந்ததையும் அழாமல் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு காலையும் மலையைத் தூக்கி இறக்குவதாக இருந்தது. மகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், கடை திறக்க வேண்டும். அப்படி ஒரு காலையில் அவன் ஒரு தடவை கேட்டு, இரண்டாம் தடவை கேட்டு, மறுபடியும் "யாரு ஓட்டினது?" என்றபோது, "நீங்கதான்" என்று சொல்லிவிட்டாள்.

அவன் அழவில்லை. டீயைக் கீழே வைத்தான். மதியத்துக்குள் அவள் சொன்னது அவனுக்கு மறந்துவிட்டது. ஆனால் கனம் மட்டும் மறக்கவில்லை. பல நாள் கட்டரைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டால், "தெரியலையே, எனக்கே தெரியல. கை போக மாட்டேங்குது" என்பான். அதைக் கேட்கிறபோதெல்லாம் இளையவளுக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு நாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல், பெட்டியோடு மூத்தவள் கடை வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

"என்ன அக்கா, ஒரு போன்கூட இல்லாம? அங்க ஏதாவது மனஸ்தாபமா?"

"ஒண்ணுமில்ல. ராணி மாதிரி வச்சிருந்தாங்க." பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அங்க யாருமே அவரைப் பத்திப் பேசல. மாப்பிள்ளை பேசல, பொண்ணு பேசல. நான் வருத்தப்படுவேனாம். பேச்சு அந்தப் பக்கம் போனாலே டிவியை வச்சுடுவாங்க. ஒரு மனுஷன் இத்தனை வருஷம் இருந்தாரு, அவரைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. இங்க அப்படியா? விடிஞ்சா எழுந்து வந்து அண்ணன் எங்கன்னு கேக்க ஒரு ஆள் இருக்கு. உலகத்துல வேற யாரு கேக்கறா, சொல்லு?"

இத்தனை நாள் அந்தக் கேள்வியை இளையவள் ஒரு தண்டனை என்றே நினைத்திருந்தாள். பிறகு, மனசுக்குள் வைத்திருக்க முடியாமல், வேன் ஓட்டியது யார் என்று அவனிடம் சொல்லிவிட்டதைச் சொன்னாள்.

மூத்தவள் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

"நான் சொல்லாம இருந்தது பெரிய மனசுனு நெனச்சியா?"

"ஆமாக்கா."

"அதெல்லாம் இல்ல. என் வாயால அதைச் சொன்னா, தம்பிமேல கோபம் வந்துடுமோன்னு பயம். வந்தா திரும்பிப் போகாதே. அதான் சொல்லல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ சொல்லிட்ட. பரவாயில்ல. எனக்குப் புருஷன் ஒரே தடவையா போயிட்டாரு. உன் புருஷன் உனக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமா போறாரு. ஒரு நாள் வாய் தவறாம இருக்குமா?"

பிறகு உள்ளே போய்ப் பாயில் படுத்திருந்த தம்பியை எழுப்பினாள். "தம்பி, ஒரு அலமாரிக்குக் கண்ணாடி வேணுமாம். அளவு எடுக்க எனக்குத் தெரியாது. டேப்பை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுங்க" என்றாள். அவன் எழுந்து உட்கார்ந்தான். சொல்லிக்கொடுக்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? அன்று சாயங்காலம் அவன் ஒரு கண்ணாடி வெட்டினான்.

அதற்குப் பிறகு மூத்தவளே அளவு எடுக்கப் போக ஆரம்பித்தாள். முதலில் நிறையத் தப்பு வந்தது. ஒரு வீட்டுக்குப் போட்ட ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் நுழையவே இல்லை. "சட்டத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணிக்க முடியுமான்னு கேட்டேன்" என்று வந்து சொன்னாள். கடையில் அன்று தம்பியும் சிரித்தான்.

காலைக் கேள்வி மெல்ல மெல்ல மாறியது. முதலில், கேட்கும்போதே குரல் தணிந்தது. பிறகு, பதில் சொல்வதற்குள் அவனே முக்காலியில் உட்கார்ந்தான். அப்புறம் சில நாள் அழவில்லை. அவனுக்கு எதுவும் ஞாபகம் வந்துவிடவில்லை. விபத்தைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் ஒன்றும் தெரியாது. மூத்தவள் சொல்லிச் சொல்லி, எங்கோ ஞாபகத்துக்கும் கீழே ஒரு இடத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு நாள் காலை வந்தான், உட்கார்ந்தான், டீயைக் குடித்தான். மூத்தவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை.

"அண்ணன் இருந்திருந்தா, சக்கரை பத்தலைன்னு சொல்லியிருப்பார்" என்றான்.

"சொல்லியிருப்பார்" என்றாள் மூத்தவள். "கூட ரெண்டு பேர் இருக்கும்போது பார்த்துச் சொல்லியிருப்பார்."

அவன் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டப் போனான். மூத்தவள் பால் பாத்திரத்தைக் கையில் எடுத்தவள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். இளையவள் போய் வாங்கி வைத்தாள்.

"இன்னிக்குக் கேக்கல, பார்த்தியா" என்றாள் மூத்தவள்.

"நல்லதுதானே அக்கா."

"நல்லதுதான். நல்லதுதான்." இரண்டு முறை சொல்லிவிட்டு, "நாளைக்கும் கேக்கலன்னா நான் என்னடி செய்வேன்" என்றாள்.

அவள் அதுவரை இளையவளை டி போட்டுக் கூப்பிட்டதில்லை.

"நான் கேக்கறேன் அக்கா" என்றாள் இளையவள். முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தாள். கடை திறக்க நேரமாகிவிட்டது. வாசலிலிருந்து அவன் கூப்பிடுவதும் கேட்டது. "சொல்லுங்க. மாமாவுக்கு நிஜமாவே அவ்வளவு சக்கரை வேணுமா, இல்ல உங்களை வம்புக்கு இழுக்கறதுக்காகச் சொல்வாரா?"

மூத்தவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அது பெரிய கதை" என்று ஆரம்பித்தாள்.