சிரித்தால் முடிந்துவிடும்

சைலன்சர் பிடுங்கிய பைக் ஒன்று ஊருக்குள் வெடித்துக்கொண்டே நுழைந்தது. ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளின. சாமை புடைத்துக்கொண்டிருந்த குப்பம்மாள் முறத்தை நழுவவிட்டாள்.

பைக்கிலிருந்து குதித்தவன் கோகுலகிருஷ்ணன். பின்னால் ராஜேஷ், மார்போடு அணைத்த ஒரு பையுடன். முந்தின நாள்தான் இருவரும் தேன் வாங்க வந்ததாகச் சொல்லி உட்கார்ந்திருந்தார்கள். குப்பம்மாளின் புருஷன் சடையன் அவர்களுக்குப் பலாச்சுளை கொடுத்தான். போனில் மகள் பூஜாவின் படத்தைக் காட்டினான். வாணியம்பாடியில் ஷூ கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கல், கம்பெனி வேனில் போக வர, வேலை நேரத்தில் போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று எல்லாவற்றையும் கேட்காமலே சொன்னான். ஒரே பிள்ளை. அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவனுக்கு நிறுத்தத் தெரியாது.

"அண்ணா, மனச தேத்திக்கோங்க" என்றான் கோகுலகிருஷ்ணன். குரல் நடுங்கியது, நன்றாகப் பழகியிருந்தான். "கம்பெனி வேன் கவுந்துடுச்சு. பூஜா போயிட்டாங்கண்ணா."

சடையன் அழவில்லை. போனை எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறினான். ஊரில் அங்கேதான் சிக்னல். இரண்டு முறை மணி போனது. யாரும் எடுக்கவில்லை. இறங்கி வந்தான், வீட்டுக்குள் போனான், மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினான்.

மூன்று அடி, ஓர் இடைவெளி. மூன்று அடி, ஓர் இடைவெளி. சாவு.

எதிர்மலையிலிருந்து அதே கணக்கில் பதில் வந்தது. அதற்கும் அப்பாலிருந்து இன்னொன்று. கேட்டவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்பியாக வேண்டும். கீழே குப்பம்மாள் மண்ணில் புரண்டுகொண்டிருந்தாள்.

"பிராங்க்!"

கோகுலகிருஷ்ணன் கைதட்டிக்கொண்டே பாறையடிக்கு ஓடி வந்தான். "அண்ணா, போதும்ணா, பிராங்க்! பையில கேமரா இருக்கு பாருங்க. ஒரு ஹாய் சொல்லுங்க!"

சடையனின் கை நின்றது. "பூஜா?"

"சூப்பரா இருப்பாங்க. சும்மா சொன்னோம்."

"சும்மான்னா?"

"பிராங்க்ணா. அது இங்கிலீஷு. விளையாட்டுக்கு ஒரு பொய் சொல்றது. நீங்க பதறுவீங்க, நாங்க படம் புடிப்போம். கடைசியில எல்லாரும் சிரிச்சுடணும். அவ்ளோதான்."

"சிரிக்கலன்னா?"

"சிரிக்கிற வரைக்கும் முடியாதுண்ணா" என்று ராஜேஷ் கேமராவைச் சடையன் முகத்துக்கு நேராக நீட்டினான். "சிரிச்சா முடிஞ்சிடும்."

சடையன் பற்களைக் காட்டினான். கேமராவுக்கு அது போதுமாக இருந்தது. பைக் வெடித்துக்கொண்டே இறங்கிப் போனது.

அவர்களுக்கு முடிந்துவிட்டது. மலையில் முடியவில்லை. நான்கு ஊர்களிலிருந்து அறுபது பேருக்குமேல் காடு கடந்து வந்து நின்றார்கள். தலையில் சாமை மூட்டை, கையில் கோடித் துணி. சாவு இல்லை என்றதும் ஒரு கிழவி சடையன்மேல் காறித் துப்பினாள். நாட்டாமை தங்கவேல் ஊரைக் கூட்டினார்.

"உயிரோட இருக்கிற பொண்ணுக்குச் சாவு மோளம் அடிச்சிருக்க. இன்னாடா சொல்ற?"

"பிராங்க்னு சொன்னாங்க நாட்டாம."

"அது இன்னா சாமியா, பேயா?"

கூட்டம் சிரித்தது. வந்தவர்களுக்குச் சடையனின் இரண்டு ஆடுகளை அடித்துச் சோறு போட்டார்கள். மேளத்தை நாட்டாமை வாங்கிக்கொண்டார். "இனிமே உன் வூட்டு சேதிக்கு இந்த மலையில எவனும் எந்திரிக்கமாட்டான். போ."

வீடியோவைப் பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். ஜமுனாமரத்தூர் சந்தையில் புளி விற்கப் போனால், "பிராங்க் சடையா, ஒரு தபா மோளம் அடி!" என்று கூப்பிட்டார்கள். அவன் சந்தைக்குப் போவதை நிறுத்தினான். குப்பம்மாள் மட்டும் கூடையோடு போய் வந்தாள்.

பூஜாவும் பார்த்தாள். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண்கள் மாறி மாறிப் போட்டுக் காட்டினார்கள்.

"ஏம்ப்பா உடனே மோளம் அடிச்ச?" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள். "கம்பெனி பூரா சிரிக்குது. இனிமே எவனாவது வந்து இந்த மாதிரி சொன்னா நம்பாத. நீ ஃபர்ஸ்ட்டே சிரிச்சுடு. அப்ப அவன்தான் முட்டாளு."

"சரி கண்ணு."

"நானே வந்து சொன்னாலும் நம்பாத" என்று சொல்லி அவளும் சிரித்தாள்.

மூன்று வாரம் போனது. தினமும் காலை எட்டு மணிக்கு, கம்பெனி கேட்டில் போனைக் கொடுக்குமுன் பூஜா பேசுவாள். அதற்காகவே சடையன் பாறைமேல் ஏறி உட்கார்ந்திருப்பான். அன்று எட்டரைக்குத்தான் போன் அடித்தது. பூஜாவின் எண். பேசியது வேறு குரல்.

"சடையன் அங்கிளா? நான் ஃபிஜா, பூஜாவும் நானும் ஒரே ரூம். கம்பெனி வேன் கவுந்துடுச்சு அங்கிள். பூஜாவுக்கு ரொம்ப அடி. ஆஸ்பத்திரியில இருக்கோம். உடனே வாங்க."

சடையன் எழுந்து பாறையில் இரண்டடி இறங்கினான். அப்புறம் நின்றான். அதே வேன். அதே கவிழ்தல். கண்கள் புதர்களைத் துழாவின. எந்த மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள்?

அவன் சிரித்தான்.

"அங்கிள்?"

"தெரியும் பாப்பா. பிராங்க்தான? நான் சிரிச்சுட்டேன், முடிஞ்சிடுச்சு."

"யா அல்லா! சத்தியமா இல்ல அங்கிள். ஆபரேஷனுக்கு எடுத்துனு போகப் போறாங்க. உங்களைத்தான் கேக்குறா."

சத்தம் கேட்டுக் குப்பம்மாள் பாறைக்கு ஏறி வந்தாள். விஷயம் தெரிந்ததும் இறங்கி ஓடப் பார்த்தாள். சடையன் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். "எங்கடி ஓடுற? நீ ஓடினாத்தான் அவனுங்களுக்குப் படம். மண்ணுல புரண்டியே, அதை எத்தினி பேரு பார்த்தாங்க தெரியுமா? உக்காரு."

"பொண்ணுய்யா."

"பொண்ணுதான் நம்பாதன்னுச்சு."

கீழே சாலையில் ஒன்பது மணி பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் மத்தியானம்தான். மறுபடி போன் வந்தது. ஃபிஜா இம்முறை பேசவில்லை. போனை யாருடைய வாயருகிலோ வைத்தாள்.

"அப்பா" என்று கேட்டது. காற்று கலந்த குரல். "வாப்பா. வலிக்குதுப்பா."

குப்பம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சடையனுக்கோ இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. நானே வந்து சொன்னாலும் நம்பாத என்று சொன்னவள் அவள்தானே. சோதித்துப் பார்க்கிறாள். ஹாஸ்டல் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த முறை மகளுக்குத் தலைக்குனிவு வரக்கூடாது.

"நல்லா நடிக்கிறடி கண்ணு!" என்று அவன் மலை எதிரொலிக்கச் சிரித்தான். "உன் அப்பன் இந்த தபா ஏமாறமாட்டான்!"

பஸ் மறுபடி ஹாரன் அடித்துவிட்டு இறங்கிப் போனது. போன் இன்னும் நான்கு முறை வந்தது. நான்கு முறையும் சிரித்தான். அப்புறம் வரவில்லை.

"பார்த்தியா?" என்றான் மனைவியிடம். "முடிஞ்சிடுச்சு."

சாயங்காலம், வெயில் இறங்குகிற நேரத்தில், வெள்ளை வண்டி ஒன்று தட்டுத்தடுமாறி ஊருக்குள் வந்தது. நெற்றியில் சிவப்பு விளக்கு சுழன்றது. ஊரே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. தங்கவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாடா சடையா, இந்த வாட்டி வண்டியே புடிச்சுனு வந்துட்டானுங்களா?"

சடையன் வீட்டுக்குள் போய்த் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். தலையை வாரியிருந்தான். வண்டியிலிருந்து முக்காடு போட்ட பெண் ஒருத்தி இறங்கினாள். அழுது வீங்கிய முகம். ஃபிஜாவாகத்தான் இருக்கும். அவளைப் பார்த்துத் தலையாட்டினான். டிரைவரின் சட்டைப்பையில் கேமரா இருக்கிறதா என்று பார்த்தான். ஒரு பேனாதான் இருந்தது.

டிரைவர் பின்கதவைத் திறந்தார். துணியை விலக்கினார். குப்பம்மாள் போட்ட சத்தத்தில் தங்கவேலின் சிரிப்பு நின்றது. ஒருவர் பின் ஒருவராக எல்லோருடைய சிரிப்பும் நின்றது. ஊரில் ஒரே ஒருவன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே ஏறி மகளின் தாடையைத் தொட்டான். குளிர்ந்திருந்தது. சிரிப்பை விடாமல், தன் முகத்தை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனான்.

"போதும் கண்ணு, அப்பன் சிரிச்சுட்டேன் பாரு. எந்திரி."