மைனஸ் ஐந்து

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் அது இரண்டாம் நாள். அக்காவும் தங்கையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே கல்லூரியில் இயற்பியல் ஆசிரியைகள். பதினேழாம் கேள்விக்கு ஐந்து மதிப்பெண்: 'நிகழ்வுகளின் வரிசை எல்லோருக்கும் ஒன்றா?' ஒன்றுதான் என்றது விடைக்குறிப்பு. மாற்றி எழுதியவர்களுக்கெல்லாம் முட்டை போட்டபடி ஓடிக்கொண்டிருந்தது அக்காவின் சிவப்புப் பேனா.

தங்கை நிமிர்ந்தாள். "அக்கா, இந்தக் குறிப்பு தப்புன்னு தோணுது."

அக்கா சிரித்தாள். தூரத்து வெளிச்சம் தாமதமாக வருவதால் வரிசை மாறின மாதிரி தெரியும், அந்தத் தாமதத்தைக் கழித்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்றாள். இருபது வருடமாக வகுப்பில் அவள் சொல்லிவருவது அது.

தங்கை வாதாடவில்லை. ஒரு வெள்ளைத்தாளை நீட்டிக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். இரண்டு நட்சத்திரங்கள், இடையே பத்து ஒளியாண்டு. நம் கணக்கில் ஒன்று வெடித்து இரண்டு வருடம் கழித்து மற்றது வெடிக்கிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கிய திசையில் ஒரு விண்கலம், ஒளியின் வேகத்தில் பத்தில் ஆறு பங்கு. அதில் இருப்பவருக்கு அந்த இரண்டு வருட இடைவெளி எவ்வளவு?

அக்கா போட்டாள். மைனஸ் ஐந்து. எங்கோ பிசகிவிட்டது என்று அடித்துவிட்டு மறுபடி போட்டாள். மைனஸ் ஐந்து. வெளிச்சத்தின் தாமதமெல்லாம் கழித்த பிறகும், விண்கலத்துக்காரருக்கு இரண்டாவது நட்சத்திரம் ஐந்து வருடம் முந்தியே வெடித்திருந்தது.

"அப்போ பிள்ளை அம்மாவுக்கு முன்னாடி பொறந்துடுமா?"

"அது நடக்காதுக்கா. ஒண்ணோட வெளிச்சம், மத்தது நடக்குறதுக்குள்ள அங்க போய்ச் சேர முடிஞ்சா, வரிசை யாருக்கும் மாறாது. வெளிச்சமே எட்ட முடியாத தூரம்னா, எது முதல்லன்னு கேட்டா பொதுவா ஒரு பதிலே கிடையாது."

எந்த மேதாவி இந்தக் குறிப்பை எழுதினானோ என்றாள் தங்கை.

"நான்தான்," என்றாள் அக்கா.

குறிப்பு எழுதியவர் பெயர் ரகசியம். பேசாமல் இருந்துவிட்டால் ஈ காக்கைக்கும் தெரியாது. அக்கா எழுந்தாள். நடந்துபோய்த் தலைமைத் திருத்துநரின் முன்னால் அந்தத் தாளை வைத்து, தவறு தன்னுடையது என்றாள். அவர் படித்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படித்தார். திட்டவில்லை. எல்லோரையும் பேனாவைக் கீழே வைக்கச் சொன்னார்.

கட்டிவைத்த கட்டுகள் அவிழ்ந்தன. நானூற்றுச் சொச்சம் தாள்கள். அக்கா தன் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்திக்கொண்டே வந்தவள், ஒரு தாளில் நின்றுவிட்டாள். எது முதல் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது, காரணம் மட்டும் எவருக்கும் விளைவுக்கு முந்தியே நிற்கும் என்று இரண்டே வரியில் யாரோ ஒரு மாணவி எழுதியிருந்தாள்.

"நேத்து இதை நான் படிக்கவே இல்லடி," என்றாள் தங்கையிடம். "அடிச்சுட்டு அடுத்த பக்கம் போயிருக்கேன்."