பின்மூடியில் இரண்டு தேதிகள்

“போலின்னு உனக்கு எப்படிம்மா தெரியுது? பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?”

நர்ஸக்காதான் அப்படிக் கேட்டாள். கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. விலையை முதலாளியிடம் கேட்பார்கள், ரிப்பேரை அப்பாவிடம் கேட்பார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு குனிந்திருப்பேன். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னபோது எனக்குக் குரல் வரவில்லை. வகுப்பே சிரித்தது. மறுவாரம் பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் சும்மா கிடப்பானேன் என்று, அப்பா மெக்கானிக்காக இருந்த கடிகாரக் கடையிலேயே என்னையும் உட்காரவைத்தார்கள்.

பழைய விலையுயர்ந்த கடிகாரங்களை வாங்கி விற்கும் கடை அது. முதலாளி ஆசையாய் வாங்கவிருந்த ஒன்றைப் பார்த்து நான் உதட்டைப் பிதுக்கிவிட்டேன். சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே கொடுத்துச் சோதித்தார். போலி என்றே பதில் வந்தது. அன்றிலிருந்து நான் அவருக்கு ஜட்ஜம்மா.

வந்தவர்களிடம் முகத்துக்கு நேரே போலி என்று சொன்னால் கடையை இரண்டாக்கிவிடுவார்கள். எனக்கோ பேச்சே வராது. அதனால் முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். பச்சைத் துணி விரித்த தட்டில், அசலாக இருந்தால் கடிகாரத்தை முகம் மேலே தெரியும்படி வைப்பேன். போலி என்றால் கவிழ்த்துவிடுவேன். ஓரக்கண்ணால் தட்டைப் பார்த்துவிட்டு மீதியை அவர் பக்குவமாகப் பேசிக்கொள்வார்.

நர்ஸக்கா அன்று ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். நான்கு வருடமாக அவர் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்கிறவள். பெரியவர் முன்பு கப்பலில் எஞ்சினியராக இருந்தவராம். இப்போது தன் மகளின் பெயர்கூட அவருக்குச் சட்டென்று வராது. ஆனால் தன் கைக்கடிகாரத்துக்குச் சர்வீஸ் செய்யும் மாதம் மட்டும் மறக்கவில்லை. அப்பா அதைப் பிரித்து எண்ணெயிட்டு முடித்ததும், பின்மூடியைப் போடுவதற்கு முன் என்னிடம் காட்டினார். அசல் என்றால் அப்படி ஓர் அசல். நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

ஏனோ அவளிடம் எனக்குப் பேச்சு வந்தது. போலி செய்கிறவன் கண் படுகிற இடத்தில் கஞ்சத்தனம் காட்டமாட்டான், கண் படாத இடத்தில்தான் காட்டுவான் என்றேன். லென்ஸைக் கொடுத்து உள்ளே இருந்த திருகாணியைப் பார்க்கச் சொன்னேன். யாரும் பார்க்கப்போகாத அதன் பள்ளத்தின் விளிம்பைக்கூட இழைத்திருந்தார்கள். காதில் வைத்துக் கேட்கச் சொன்னேன். நொடிக்கு எட்டுத் துடிப்பு. மழைச்சாரல் தகரத்தில் விழுவதுபோல இருக்கும். தட்டு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். கடைசியாகப் பின்மூடியின் உட்பக்கத்தைக் காட்டினேன். கோழிக்கால்போல மூன்று கோடும், பக்கத்தில் அன்றைய தேதியும், ஊசியால் கீறியது.

“இது அப்பாவோட அடையாளம்க்கா. எப்ப உள்ள மெஷின்ல கை வச்சாலும் மெக்கானிக் தேதி கீறிடுவாங்க.”

“அட, எங்க ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டு மாதிரி” என்று சிரித்தாள். “மனுசங்களுக்கும் முதுகுல ஒரு மூடி வச்சிருந்தா எவ்வளவு வசதி.”

பெரியவரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

அதன்பின் நான்கு மாதம் இருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் கடைக்குப் போகவில்லை. முதலாளியும் அந்த வாரம் வெளியூரில் இருந்தார். கடையில் அப்பா மட்டும்தான். காய்ச்சல் விட்டு நான் எழுந்தபோது வீட்டில் ஒரு புது ஃப்ரிட்ஜ் நின்றது. அப்பாவுக்குத் தெரிந்தவர் சலிசாகக் கொடுத்தாராம். அம்மா அதன் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு இரண்டு மாதம் கழித்து, பெரியவரின் மகள் கடைக்கு வந்தாள். பின்னாலேயே நர்ஸக்கா. முகம் வீங்கியிருந்தது. கடிகாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் முந்திப் போகிறது என்று வேறு கடையில் காட்டினார்களாம். உள்ளே இருப்பது போலி மெஷின் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். வீட்டில் அதைத் தொடுகிறவள் நர்ஸக்கா ஒருத்திதான். போலீஸுக்குப் போவதற்கு முன் இங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்ததாக மகள் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

நடுவில் கடிகாரம் கடைக்கு வந்ததா என்று முதலாளி அப்பாவிடம் கேட்டார்.

“செயின்ல ரெண்டு கண்ணி எடுக்கக் கொண்டாந்தாங்க” என்றார் அப்பா, குனிந்தபடியே. “பத்து நிமிஷ வேலை. கையோட வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

“இல்லண்ணே” என்றாள் நர்ஸக்கா. “நாளைக்கு வாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு ராத்திரி இங்கதானே இருந்துச்சு? சின்ன வேலைக்குச் சீட்டு எதுக்குன்னு சிரிச்சீங்களே.”

அப்பா அரத்தை எடுத்து எதையோ தேய்க்கத் தொடங்கினார். முதலாளி கடிகாரத்தை என்னிடம் நீட்டினார்.

காதில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. சாரல் போயிருந்தது. துடிப்பு நொடிக்கு ஆறுதான், அதுவும் நொண்டியது. பின்மூடியைக் கழற்றினேன். திருகாணிப் பள்ளங்களின் விளிம்பு பிசிறு பிசிறாக இருந்தது. கூடு அசல், முகப்பு அசல், நடுவில் இருந்தது மட்டும் போலி.

மூடியின் உட்பக்கத்தைத் திருப்பியபோது கோழிக்கால் ஒன்றல்ல, இரண்டு இருந்தன. முதலாவது நான் அக்காவுக்குக் காட்டியது. இரண்டாவதன் பக்கத்தில் இருந்த தேதி, எனக்குக் காய்ச்சல் கொதித்த நாள். செயினில் கண்ணி எடுக்க மூடியைத் திறக்கவேண்டியதே இல்லை. முப்பது வருடக் கை அது. உள்ளே வேலை முடிந்தால் ஊசியை எடுக்கும், தேதியைக் கீறும், அப்புறம்தான் மூடும். திருட்டு வேலைக்கும் அப்படியே செய்திருக்கிறது.

அப்பாவின் மேசையில் அரத்தின் சத்தம் நின்றிருந்தது.

நான் மூடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைத் தட்டில் கவிழ்த்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. முதலாளி தட்டைப் பார்த்துவிட்டு, கூடு அசல்தான், மெஷினை மாற்றியிருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். மகள் தலையாட்டிக்கொண்டாள்.

நர்ஸக்கா கண்ணாடித் தடுப்பின் அருகே வந்தாள்.

“கண்ணு, தொறந்தா தேதி கீறுவாங்கன்னு சொன்னியே. அதைக் கொஞ்சம் பாரும்மா. ஒண்ணு இருக்கா, ரெண்டு இருக்கா?”

“அதானே” என்றார் முதலாளி. “பாத்துச் சொல்லு ஜட்ஜம்மா.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் பார்க்கவில்லை. அவருடைய பின்கழுத்துதான் எனக்குத் தெரிந்தது. சட்டைக் காலரின் மடிப்பு நைந்து, நூல் தொங்கியது. அம்மா அதைத் தைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள்.

“ஒண்ணுதான்க்கா இருக்கு. மொத சர்வீஸோடது.”

பள்ளிக்கூடத்தில் வராத குரல் தடங்கல் இல்லாமல் வந்தது. மூடியை வாங்கிப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் சொன்னால் முதலாளி மறுபடி பார்க்கமாட்டார். மூடியைப் பொருத்தி, சாவியால் நன்றாக இறுக்கி, துடைத்துக் கொடுத்தேன். மகள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நர்ஸக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் வாதாடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்து ஒரு டம்ளரில் ஊற்றி என் பக்கத்தில் வைத்தார். தாகமாக இருந்தது, குடித்தேன்.

இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்காரவைத்து விசாரித்துவிட்டு, சாட்சி இல்லை என்று நர்ஸக்காவை விட்டுவிட்டார்களாம். ஆனால் வீடுகளுக்கு நர்ஸ் அனுப்புகிற இடத்தில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். இனி எந்த வீட்டிலும் அவளைச் சேர்க்கமாட்டார்கள். புதிதாக வந்தவள் சோறு ஊட்டினால் பெரியவர் வாயைத் திறப்பதில்லையாம். மகள் யாரிடமோ சொன்னதை முதலாளி எங்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு, யாரைத்தான் நம்புவது என்று அலுத்துக்கொண்டார். அப்பா ஆமாம் போட்டார். அந்த இரண்டாவது தேதி இன்னும் அந்த மூடிக்குள்தான் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, முதலாளி சாப்பிடப் போயிருந்த மதியத்தில், கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸக்கா வந்தாள். மெலிந்திருந்தாள். அவள் வந்தால் சொல்லவென்று நான் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். தினமும் வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சொல்லிப் பார்த்திருந்தேன். ‘ரெண்டு தேதி இருந்துச்சுக்கா.’ அவ்வளவுதான் அந்த வாக்கியம்.

அப்பா அவளைப் பார்த்ததும் லென்ஸை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார்.

நான் எழுந்து நின்றேன். வாய் திறந்தது. குரல் வரவில்லை.

என் முன்னால் தட்டில் ஒரு கடிகாரம் இருந்தது. காலையில் வந்தது. அசல்தான் என்று பார்த்து, முகம் மேலே தெரிய நானே வைத்தது. நர்ஸக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தடுப்பின் கீழ் இடைவெளியில் கையை நுழைத்து, நோயாளியை ஒருக்களித்துப் புரட்டுகிறவளின் பதமான கையால், அதைக் கவிழ்த்து வைத்தாள். செயின் மடங்கியிருந்ததைக்கூட நேராக்கினாள்.

அப்புறம் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.