நுனியில் உட்கார்ந்த பிள்ளை

தையல்காரிக்கு ஏழாம் மாதம் முடிந்த செவ்வாய்க்கிழமை, தொப்புள்கொடி ரத்தம் தேவைப்படப்போகும் பெண்பிள்ளை முன்கூட்டியே வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டது. ஏழு வயதிருக்கும். மொட்டைத்தலை, ஆஸ்பத்திரி அங்கி, புறங்கையில் பிளாஸ்திரி. கதவு பூட்டியபடியே இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் பூட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பழுதில்லை என்று திரும்ப மாட்டினான்.

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். கொடியில் மிஞ்சும் ரத்தத்தை உறையவைத்துச் சொந்தப் பிள்ளைக்கென்று சேமிக்கலாம். அல்லது தானமாகக் கொடுக்கலாம், பொருந்துகிற யாருக்கோ போய்ச்சேரும். வந்திருப்பது பிறக்கப்போகும் தங்கள் பிள்ளையா, ஊரார் பிள்ளையா என்று தெரிந்தால் அந்த நிமிஷமே டிக் அடித்திருப்பார்கள். பிள்ளையோ வாயே திறக்கவில்லை. மூக்கு தன் அப்பா சாயல் என்றான் அவன். அந்தக் காது இரண்டு குடும்பத்திலும் கிடையாது என்றாள் அவள்.

"நம்ம பிள்ளையா இருந்துட்டா? வெளிய குடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அது முன்னாடி நிக்கிறது?"

"இல்லேன்னா? பூட்டி வச்சிக்கிட்டு, இது இப்படியே உட்கார்ந்திருக்கிறத பாத்துட்டிருக்கச் சொல்றீங்களா?"

பிள்ளை சோபாவில் ஒருநாளும் சாயவில்லை, நுனியிலேயே இருந்தது. சொந்த வீட்டுப் பிள்ளை இப்படி உட்காராது என்று அவள் முடிவுகட்டினாள். வலி எடுத்த காலையில் தானத்துக்கு டிக் அடித்தாள். மகள் பிறந்தாள், கொடி ரத்தம் தானமாகப் போயிற்று, சோபாவில் இருந்த பிள்ளை மட்டும் எழுந்திருக்கவில்லை.

மகளுக்கு மூன்று வயதில் ஒருநாள், டாக்டரின் அறையில் மகளும் அதேபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அன்று தையல்காரிக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பிறகு மகளின் முழங்காலில் சின்னதாக ரத்தம் கன்றியிருந்தாலும் விளக்கடியில் நிறுத்தித் தடவிப் பார்த்தாள். மகளின் ஏழாவது வயது முழுக்க இரண்டு பிள்ளைகளின் முகங்களையும் மாறிமாறிப் பார்த்தபடி கிடந்தாள். மகள் எட்டைத் தாண்டினாள், தேகத்தில் ஒரு குறையுமில்லை. அன்று குளியலறைக்குள் போய் அழுதுதீர்த்தாள். வெளியே வந்தபோது சோபாவிலிருந்த பிள்ளை அதே மொட்டைத்தலையோடு அவளை நிமிர்ந்து பார்த்தது. யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை என்று தெரிந்ததில் தான் இவ்வளவு சந்தோஷப்பட்டதை நினைத்து அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வாரமே அதற்கு ஒரு பூப்போட்ட கவுன் தைத்துப் போட்டாள்.

மறுவருஷம் கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அளவெடுத்தாள்; இத்தனை வருஷமும் ஏழு வயதிலேயே நின்றிருந்த பிள்ளை ஒன்றரை அங்குலம் வளர்ந்திருந்தது. கணவனைக் கூப்பிட்டு டேப்பைக் காட்டினாள். நல்லவேளையாக மடிப்புக்குள் துணி தாராளமாக விட்டிருந்தாள், பிரித்து இறக்கினாள்.