படத்தில் விழாதவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மருமகள் புதுப்படத்தைச் சுவரில் மாட்டியதும், கூடத்தில் முகச்சவரம் செய்துகொண்டிருந்த மாமனார் மேல்வீட்டுச் சமையலறையில் போய் நின்றார். படியேறிப் போகவில்லை. இடது கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. வேலையிலிருந்த காலமெல்லாம் வீடுவீடாகப் போய் மின்மீட்டர் பார்த்துக் குறித்தவர் அவர். கட்டடத்தில் எல்லோருக்கும் மீட்டர் சார். முன்பின் பார்க்காத சமையலறையில் நிற்கிறோம் என்று தெரிந்ததும், பழக்கதோஷத்தில் அவர் கண் முதலில் மீட்டரைத்தான் தேடியது. கதவுக்கு மேலே இருந்தது. “ரொம்பக் கம்மியா ஓடியிருக்கே, வெளியூர் போயிருந்தீங்களா?” என்று கேட்டார். அடுப்பருகே நின்ற மேல்வீட்டு நீச்சல் டீச்சர், “இல்ல, நான் தனி ஆளு,” என்று சொல்லிவிட்டு, நுரையைத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். துண்டு அந்த வீட்டில் நிறைய உண்டு. டீச்சருடையதென்று வேறெதுவும் கிடையாது என்றே சொல்லலாம்: ஒரு தட்டு, ஒரு நாற்காலி, ஒரு பாய்.

இது திடீரென்று வந்த விஷயமல்ல. மருமகள் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்த்தாள். வாயிலிருக்கிற மற்ற பற்களோடு புதுப்பல் ஒட்டிப்போக வேண்டும் என்பதால் பதினாறு விதமான வெள்ளையைக் கண்ணாலேயே பிரிப்பாள். கணவனுக்கோ சாலையில் கோடு போடுகிற வேலை. அவனுக்கு உலகத்தில் ஒரே வெள்ளைதான், அது டிரம்மில் வரும். அவர்கள் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டுக் கூடத்தில் கிழக்கே ஒரு சன்னல் இருந்தது. காலையில் கொஞ்ச நேரம் அதன் வழியாக வெயில் வந்து எதிர்ச்சுவரில் சாய்வாக விழும். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவள் அதைக் கவனித்துவிட்டாள். லேபில் கூட வேலை செய்தவள் பழைய கேமரா ஒன்றை விற்கப்போகிறாள் என்றதும் வாங்கிக்கொண்டு வந்தாள். சின்ன மேசையில் ஒரு கண்ணாடிக் கூஜாவையும் இரண்டு பச்சைக் கோப்பைகளையும் வைத்து, இஸ்திரி போடாத துணிக்குவியலையும் தரை துடைக்கிற பக்கெட்டையும் கணவனின் பெயிண்ட் காய்ந்த பூட்ஸையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, வெயில் கூஜாவுக்குள் இறங்குகிற நேரம் பார்த்து ஒரு படம் எடுத்தாள். பிரேம் போட்டு மாட்டினாள். முக்காலியிலிருந்து இறங்கிப் பார்த்தபோது துணி, பக்கெட், பூட்ஸ் மூன்றையும் காணோம்.

சற்று நேரத்தில் நீச்சல் டீச்சர் ஒரு கையில் பக்கெட்டும் மறுகையில் பூட்ஸுமாக வந்து கதவைத் தட்டினார்.

“இது உங்களுதா பாருங்க. துணியும் இருக்கு, அத நீங்களே வந்து அள்ளிக்குங்க.”

“உங்க கதவு தொறந்திருந்துதா?” என்று கேட்டான் கணவன்.

“பூட்டியிருந்துது. உள்ள நான் இருந்தேன்.”

அள்ளிக்கொண்டு வந்தார்கள். வந்தவருக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் மூன்றும் மறுபடி மேலே போய்விட்டன. கணவன் கூரையைத் தட்டிப் பார்த்தான், தண்ணீர்க் குழாய் போகிற சந்தில் டார்ச் அடித்துப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. தூசி துடைக்கப் படத்தைக் கழற்றியபோதுதான் காரணம் தெரிந்தது: படம் ஆணியை விட்டு வந்த நொடியே எல்லாம் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தன. திரும்ப மாட்டினால் போயின. போகப்போக இதன் நியாயமும் அவளுக்குப் புரிந்தது. வீட்டில் வேறெங்கோ தன்பாட்டுக்குக் கிடக்கிற பொருளுக்கு ஒன்றும் ஆகாது. படம் அழகாக வர வேண்டும் என்று அவள் ஒதுக்கியது மட்டும்தான் மேலே போகும். அதுவும் படம் உண்மையிலேயே அழகாக இருந்தால் மட்டும்.

இன்னொருத்தியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். ஆனால் சுவர் அத்தனை நன்றாக இருந்தது. கட்டடத்திலிருந்தவர்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டிலிருக்கிற அடைசல் குறைவதும் அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது. அடுத்த படத்துக்குப் பழைய ரேடியோ போனது, அதற்கடுத்ததற்கு உடைந்த மின்விசிறியும் அட்டைப்பெட்டிகளும். நீச்சல் டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. “இருந்துட்டுப் போகட்டும். முன்ன பேசினா எனக்கே எதிரொலிக்கும், இப்ப இல்ல,” என்றார். முதல் மாடிக்காரர் ஒருநாள் வந்து, இரண்டு நாள் தங்க வந்து ஏழு மாதமாகத் தங்கியிருக்கும் தன் மச்சானை ஓரமாக நிற்கவைத்து ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று பக்குவமாகக் கேட்டார். ஆளெல்லாம் போக மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அப்போது அவள் அப்படித்தான் நம்பினாள்.

மாமனாரின் நாற்காலி சன்னலோரம் கிடந்தது. அந்த வாரம் திரைச்சீலையில் வெயில் விழுந்த விதம் அவளை விடவில்லை. “மாமா, ஒரு நிமிஷம் கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்,” என்றாள். தள்ளினார். முழங்கை படத்தில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் என்றாள். நிழல் விழுந்தது. கடைசியில் அவரே எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கதவோரம் போய், இங்கே நின்றால் பரவாயில்லையா என்று கேட்டார். அதுவரை எடுத்ததில் அதுதான் சிறந்த படம். மாட்டினாள், அவர் போய்விட்டார். போவார் என்று தெரிந்திருந்தால் மாட்டியிருப்போமா என்று பிறகு தன்னைத்தானே பலமுறை கேட்டுக்கொண்டாள். மாட்டியிருக்க மாட்டேன் என்று சட்டென்று பதில் வராததுதான் அவளை உறுத்தியது.

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்தபடி படியிறங்கி வந்தார். “கழட்டு அத,” என்றான் கணவன். அவள் கையை வைத்துவிட்டாள். மாமனார், “இரு இரு,” என்று தடுத்துவிட்டுப் படத்துக்குக் கிட்டே போனார்.

“எத்தன வீட்டுக்குள்ள போயிருப்பேன். மீட்டரத் தவிர ஒண்ணையும் பாத்ததில்ல. இது நம்ம சன்னலா?”

“ஆமா மாமா.”

“நான் இல்லாம நல்லாத்தான் இருக்கு வீடு.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. யூனிட் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். கழற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பேச்சை முடிப்பதற்குள் மறுபடி மேலே போய்விட்டார். மனசு கேட்காமல் சாயங்காலம் அவள் படத்தைக் கழற்றினாள். சன்னலோர நாற்காலியில் மாமனார் வந்து உட்கார்ந்தார், கையில் விசிறிபோல விரித்த சீட்டுகளோடு. “நல்ல கை வந்த நேரம் பாத்தா கழட்டுவ?” என்று சலித்துக்கொண்டார். நீச்சல் டீச்சர் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறவர் என்றும், அதைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடப்போவதில்லை என்றும் சொன்னார்.

அதன்பிறகு வழக்கம் ஒன்று ஏற்பட்டது. காலையில் கடை திறப்பதுபோலப் படங்களை மாட்டுவாள், மாமனார் மேலே போவார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் கழற்றுவாள், வந்துவிடுவார். இடையில் அவரை வைத்தே படமெடுக்கவும் முயற்சி செய்தாள். அவர் கேமராவைப் பார்த்தால் விறைத்துக்கொள்வார். சிரியுங்கள் என்றால், அவள் கையாலேயே செய்துகொடுத்த பல்செட்டை மேலும் கீழும் காட்டுவார். அதில் ஒன்றைப் பிரேம் போட்டு, சன்னல் படத்தை எடுத்துவிட்டு அந்த ஆணியில் மாட்டினாள். படம் மாட்டியபடியே இருந்தது, ஆனால் சுவர் வெறுமையாக இருப்பதுபோலவே இருந்தது. கடமைக்கு மாட்டினோம் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு வாரத்தில் பழைய படமே திரும்ப வந்தது.

அடுத்த வருடம் கணவன் போனான். உங்கள் நிழல் சுவரில் விழுகிறது, அப்படிப் போங்கள் என்றாள். போனவன் மேலே தந்தையோடு சீட்டாட உட்கார்ந்துவிட்டான். கீழ்வீடு நாளுக்கு நாள் அழகானது. சாமான் குறைந்து, வெளிச்சம் கூடி, நடந்தால் காலடிச் சத்தம் அவளுக்கே கேட்டது. மேலேயிருந்து நாற்காலி இழுபடுவதும் ரேடியோவும் யாரோ தோற்றுவிட்டுச் சண்டை போடுவதும் கேட்டன. படங்களைப் பார்க்கச் சாயங்காலங்களில் ஆட்கள் வர ஆரம்பித்ததால் கழற்ற நேரமாயிற்று. பிறகு சில நாள் கழற்றவேயில்லை. ஒரு வாரம் முழுக்கப் படங்கள் சுவரிலேயே இருந்தன. யாராவது இறங்கி வந்து ஏன் கழற்றவில்லை என்று கேட்பார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. அந்த வாரம் லேபில் ஒரு முன்பல்லின் நிறத்தைத் தவறாகச் செய்தாள், வேலைக்குச் சேர்ந்து முதல்முறையாக.

வீட்டலங்காரப் பத்திரிகை ஒன்று கூடம் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம் கேட்டிருந்தது. ஒதுக்குவதற்கு இனி ஒன்றுமில்லை. மேசை, கூஜா, வெயில், சுவரில் வரிசையாகப் படங்கள். ஆனால் ஒவ்வொரு பிரேமின் கண்ணாடியிலும் கேமராவும் கையுமாக ஒரு பெண் தெரிந்தாள். ஒரு எட்டு நகர்ந்தாள். இன்னொரு பிரேமில் தெரிந்தாள். நகர்ந்து நகர்ந்து கதவு மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, தான் எங்கேயும் விழாத இடத்திலிருந்து எடுத்தாள். பார்த்துப் பார்த்துப் பிரேம் போட்டு, ஒரு பிரதியைத் தன் சுவருக்கும் வைத்துக்கொண்டாள். ஆணி அடித்து மாட்டினாள். மாட்டிய கை கீழே வருவதற்குள் சுத்தியலோடு மேல்வீட்டுக் கூடத்தில் நின்றாள்.

யாரும் திடுக்கிடவில்லை. மாமனார் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கொஞ்சம் நகர்ந்து, “வாம்மா. உக்காரு, இடம் இருக்கு,” என்றார். இடம் இல்லை. உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். கணவன் அவள் கையிலிருந்த சுத்தியலை மெதுவாக வாங்கி வைத்தான். அழுது முடித்தபிறகுதான் கீழ்வீட்டுக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடி இருக்கிறது, உள்ளே ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது.

“ஒடச்சுத் திறந்துடறேன்,” என்றான் கணவன்.

“எதுக்கு ஒடைக்கணும்? சன்னல் தொறந்துதானே இருக்கு,” என்றார் நீச்சல் டீச்சர். வீட்டிலிருந்த துண்டுகளையெல்லாம் முடிச்சுப் போட்டு ஒன்றாக்கினார். ஒரு முனையைக் கணவனும் மாமனாரும் பிடித்துக்கொள்ள, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, குளத்தில் இறங்குகிற மாதிரி முதுகைக் காட்டிச் சன்னல் வழியே இறங்கினார். தெருவில் ஒரு சின்னக் கூட்டம் கூடியது. துண்டு தளர்ந்தது, கயிறு போலத் தொங்கியது. தாழ்ப்பாள் திறக்கிற சத்தத்துக்காக மூவரும் படியில் காத்திருந்தார்கள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது டீச்சர் கதவைப் பாதிதான் திறந்தார்.

“என்ன அமைதி. இங்க இருந்து உங்க ரேடியோ கூடக் கேக்க நல்லாருக்கு. மேல நீங்க நாலு பேர் மாதிரி சத்தம் போடறீங்க, என்னால தூங்க முடியல. நான் இங்கயே இருந்துக்கட்டுமா?”

அன்று மாலையே தன் தட்டையும் பாயையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அந்த விவகாரத்தில் படிவழியாக வீடு மாறியவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்காரர் இரண்டு வாடகையும் ஒன்றுதானே என்று சொல்லி, அழைப்புமணிக்குப் பக்கத்திலிருந்த பெயர்களை மாற்றி ஒட்டினார். கூடம் முழுவதும் தெரிகிற அந்தப் படத்தைப் பத்திரிகை அட்டையில் போட்டது. கீழே படங்கள் மாட்டியபடியே இருந்தன. கண்ணாடி துடைக்கிற நாளில் டீச்சர் துடைப்பக் கட்டையால் கூரையை இரண்டு தட்டு தட்டுவார். மேலே இருப்பவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுத் தயாராவார்கள். அவர் படங்களைக் கழற்றித் துடைத்து மாட்டுகிற வரைக்கும் குடும்பம் முழுவதும் துணிக்குவியலோடும் ரேடியோவோடும் அவர் கூடத்தில் நின்று, சௌக்கியம் விசாரித்துவிட்டுத் திரும்பும்.

புது வீட்டில் முதல் வாரம் அவள் கேமராவைத் தொடவில்லை. பிறகு ஒரு விடுமுறை நாளில், மாமனார் வாயைத் திறந்து கொட்டாவி விட, கணவன் வெள்ளைத் தீற்றல்களோடு துணி மடிக்க, அட்டைப்பெட்டிகள் சரிந்து கிடக்க, எதையும் நகர்த்தாமல் கேமராவை அலமாரிமேல் வைத்து, தானாக எடுக்கும் விசையைத் திருப்பிவிட்டு ஓடிவந்து நடுவில் உட்கார்ந்தாள். ஓடியதில் அவள் முகம் பாதி கலங்கியிருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாட்டினாள். எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆணி சுவரில் நன்றாக இறுகியதை அவளால் உணர முடிந்தது.

ஆறேழு வருடம் ஓடியது. மாமனாருக்கு முட்டி தேய்ந்தது. மொட்டைமாடிக்கு ஒரு படிவரிசைதான், ஆனால் பாதியில் நின்றுவிடுவார். ஒருநாள் காலை, சன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் கூப்பிட்டார்.

“ஏம்மா, நல்லா ஒரு படம் எடேன்.”

“உங்களையா மாமா?”

“என்ன விட்டுட்டு எடு. மேல காத்தாட உக்காந்துட்டு வர்றேன். நாற்காலியையும் சேத்துத் தள்ளிக்கறேன்.”

அவள் சிரித்துக்கொண்டே கேமராவை எடுத்தாள். அவரும் நாற்காலியும் தேய்த்துத் தேய்த்துச் சுவரோரம் போனார்கள். அதற்குத் தக்க வெயில் வர அரைமணி நேரம் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சாயங்காலம் பிரேம் வந்தது. மறுநாள் காலை, அவர் குளித்துச் சட்டை மாற்றி நாற்காலியில் உட்கார்ந்து, சரி என்று தலையாட்டிய பிறகு மாட்டினாள். நாற்காலி இருந்த இடம் காலியானது. மேலே தளத்தில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது, பிறகு திருப்தியான ஒரு இருமல். அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் சன்னல் விளிம்பிலேயே கிடந்தது. வெயில் பட்டுப் படத்தில் அது அத்தனை அழகாக விழுந்திருந்தது. அதை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அவள் படியேறிப் போனாள்.